காலில் விழுகிறோம், காலைப் பார்க்கிறோமா?



இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் கண்ணாடியின் முன்னால் எத்தனை நிமிடம் நின்றீர்கள்? தலை வாரினீர்கள், முகத்துக்குப் பவுடர் பூசினீர்கள். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். தவறில்லை. இன்னொரு கேள்வி. உங்கள் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? முள் குத்திய அன்று பார்த்தேன் என்பீர்கள். அதற்கு முன்? நினைவுக்கு வராது. எனக்கும் வராமல்தான் இருந்தது.

கால்களைக் கவனிப்பது என்றவுடன் நமக்கு அழகு நிலையம் நினைவுக்கு வருகிறது. வேலையில்லாதவர்கள், வசதியுள்ளவர்கள் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் ஆடம்பரம் என்று தோன்றுகிறது. இந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து. பல் துலக்குவதைப் போல, குளிப்பதைப் போல, காலைக் கவனிப்பதும் வீட்டில் நடக்கவேண்டிய அன்றாட வேலை. உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் போதும். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்குச் சர்க்கரை நோய் இருந்தால் தினமும் இரவில் ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிட வேலைக்கு வீட்டில் உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

இயற்பியல் கற்பிப்பவன் காலைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

ஓர் ஆடி ஞாயிறு

எங்கள் வீடு நூம்பலில் இருக்கிறது. சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் இறங்கி உள்ளே வரவேண்டும். திருவேற்காடு கருமாரியம்மன் கோவில் எங்களுக்கு நடந்து போகிற தூரம்தான். ஆடி மாதம் பிறந்துவிட்டால் அந்தப் பக்கத்துச் சாலைகளில் மஞ்சள் உடுத்திய பக்தர்கள் வெறுங்காலோடு நடந்து போவதைப் பார்க்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை என் தந்தையாரும் அப்படிப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 71. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. வரிசையில் நின்று தரிசனம் முடித்துத் திரும்பும்போது உச்சி வெயில். தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்தே வந்து சேர்ந்தார். ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டு, "நல்ல தரிசனம்" என்று சொல்லிச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டார்.

அப்போது என் மகள் ஏழாம் வகுப்பு. கூடத்தில் நடந்தவள் நின்றுவிட்டாள்.

"தாத்தா, தரையெல்லாம் ஈரமா இருக்கே. காலைக் கழுவிட்டுத் துடைக்கலையா?"

"நான் எங்கேம்மா காலைக் கழுவினேன்?"

குனிந்து பார்த்தாள். இரண்டு உள்ளங்காலிலும் பெரிய கொப்புளங்கள். வலது காலில் ஒன்று உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அவள் போட்ட சத்தத்தில்தான் நான் உள்ளேயிருந்து ஓடிவந்தேன்.

"வலிக்கலையா தாத்தா?"

"இல்லையேம்மா. ஒண்ணும் தெரியலையே."

அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. எலும்பு வரை போகவில்லை, விரலை எடுக்கும் நிலை வரவில்லை. அதுவே பெரிய ஆறுதல். கட்டுப் போட்ட மருத்துவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடைசியாக இவர் காலை எப்போது பார்த்தீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் காலில் விழுந்திருக்கிறேன். கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் திருப்பி உள்ளங்காலைப் பார்த்ததில்லை. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் வெப்பமும் அழுத்தமும் பாடம் நடத்துகிறவன் நான்!

அன்றிரவு என் மகள் கேட்ட கேள்வி இதுதான்: "தாத்தாவுக்கு ஏன்ப்பா வலிக்கலை?" அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை எழுதும் நிலைக்கு வந்தேன்.

நம் காலில் ஒரு வெப்பமானி

கொதிக்கும் தரையில் நீங்கள் கால் வைத்தால் என்ன ஆகும்? யோசிப்பதற்கு முன்பே கால் எழும்பிவிடும். தோலில் முடிவடையும் நரம்பு நுனிகளில் வெப்பத்தை உணரும் புரத மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, வெப்பநிலை ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் திறந்துகொள்கிறது. உடனே நரம்பில் மின் துடிப்பு ஓடுகிறது. அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-ல் இதைக் கண்டறிந்தனர். எதைக் கொண்டு தெரியுமா? மிளகாயில் காரம் தரும் பொருளைக் கொண்டு! மிளகாயும் சூடும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. அதனால்தான் காரம் தின்றால் வாய் 'எரிகிறது' என்கிறோம். தொடுகையையும் அழுத்தத்தையும் உணரும் மூலக்கூறுகளை ஆர்டம் பட்டபூட்டியன் குழுவினர் கண்டறிந்தனர். இவ்விருவருக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் செய்தியைக் கொண்டுசெல்லும் கம்பி அறுந்துவிட்டால் பயனுண்டா? பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் நரம்புகள் கெடுகின்றன. உடலில் மிக நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால் விரல் நுனி வரை செல்பவை. பெரும்பாலும் அவற்றின் நுனிகளே முதலில் பழுதாகின்றன. என் தந்தையாரின் காலும் தார்ச் சாலையில் வெந்தது. ஆனால் மணி அடிக்கவில்லை.

வரைபடத் தாளில் ஒரு சோதனை

இனி அழுத்தத்துக்கு வருவோம். இதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு வரைபடத் தாளைத் தரையில் விரியுங்கள். ஒரு காலை நனைத்து, அதிகப்படியான நீரை உதறிவிட்டு, தாள்மேல் ஒற்றைக் காலில் நின்று இறங்குங்கள். ஈரத் தடம் விழும். உலர்வதற்குள் பென்சிலால் அதன் விளிம்பை வரைந்து, உள்ளே இருக்கும் சதுரங்களை எண்ணுங்கள். உங்கள் பாதம் தரையைத் தொடும் பரப்பு கிடைத்துவிடும்.

பரப்பு 80 சதுர சென்டிமீட்டர், உங்கள் எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையைப் பரப்பால் வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ. செருப்புக்குள் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள கூழாங்கல் புகுந்து, உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் தாங்குகிறது என்போம். அந்த இடத்தில் அழுத்தம் 4 கிலோ. அதாவது எட்டு மடங்கு! அதே 4 கிலோ, ஒரு சதுர மில்லிமீட்டர் நுனியுள்ள முள்ளின்மேல் விழுந்தால்? சதுர சென்டிமீட்டருக்கு 400 கிலோ. முள் ஏன் தோலைத் துளைக்கிறது என்பதை இனி யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்றையும் கவனியுங்கள். தோலின் நுண்குழாய்களில் இரத்தத்தின் அழுத்தம் சுமார் 30 மில்லிமீட்டர் பாதரசம்தான். இது சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராம் அளவே. நாம் நிற்கும்போது உள்ளங்காலின்மேல் விழும் அழுத்தமோ அதைப்போல் பல மடங்கு. ஆகவே நிற்கும்போது அங்கே இரத்தம் பிழியப்படுகிறது. கட்டை விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள், வெளுத்துப் போகிறது அல்லவா? அதுபோலத்தான். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது நம்மை அறியாமலே ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றுகிறோம். அப்படி மாற்றும்படி உத்தரவிடுவது அந்தச் சிறு வலிதான். வலி கெட்டவருக்கு உத்தரவு வராது. அவர் நின்றபடியே நிற்பார்.

செங்கற்பட்டிலும் வேலூரிலும் கிடைத்த விடை

வலியின்மைக்கும் கால் புண்ணுக்கும் உள்ள தொடர்பை உலகுக்குத் தெளிவாக்கிய ஆய்வு நம் தமிழ்நாட்டில் நடந்தது என்றால் வியப்பாக இல்லையா?

பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே பணியாற்றிய ஆங்கிலேயர்கள். இலண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு, 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். விரல்கள் மழுங்கிய கைகளையும், குழிப்புண் விழுந்த பாதங்களையும் கண்டார். தொழுநோய் வந்தால் சதை அழுகிவிடும், விரல் தானாக உதிர்ந்துவிடும் என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர்.

பிராண்ட் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. நோயாளிகள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்பவில்லை. அவரால் முடியாததை ஒரு சிறுவன் வந்து எளிதாகத் திருப்பிவிட்டான். பையனுக்கு இவ்வளவு பலமா என்று அவன் கையைப் பார்த்தார். சாவி அழுந்தி விரல் வெட்டுப்பட்டு இரத்தம் வழிந்தது. அவனுக்கோ எதுவும் தெரியவில்லை! வலி இருந்திருந்தால் அவ்வளவு விசையை அவன் கொடுத்திருக்கவே மாட்டான்.

சதை கெட்ட சதையல்ல. காயம் பட்டது தெரியாததால் மேலும் மேலும் காயப்படுகிறது. இதுவே அவர் கண்ட உண்மை. நோயாளிகளின் கைகால்களை அறுவை மருத்துவத்தால் சீராக்கியதோடு அவர் நிற்கவில்லை. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான செருப்புகள் உருவாயின. மெத்தென்ற ரப்பர் பாதத்தின் வடிவத்துக்கு அமுங்கிக் கொடுக்கும், தொடும் பரப்பு பெருகும், அழுத்தம் குறையும். நீங்கள் படிக்கும் அதே பாடம்தான். ஒவ்வொரு நாளும் கைகால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும்படி நோயாளிகளுக்குப் பழக்கினார். நரம்பு செய்யத் தவறிய வேலையைக் கண் செய்யவேண்டும் என்பது அதன் பொருள்.

1966-ல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார். தொழுநோயாளிகளின் பாதங்களில் கற்ற பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்துவதை மருத்துவ உலகம் கண்டுகொண்டது. 2003-ல் அவர் மறைந்தார். தொழுநோயைக் கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. ஆனால் உணர்விழந்த பாதங்கள் குறைந்துவிட்டனவா? இல்லை. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அது மதிப்பிட்டது. உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று வகைக் கேடுகள்

பிராண்டின் ஆய்வுகளிலிருந்து, பாதம் மூன்று வகையில் கெடுகிறது என்று அறிகிறோம். முதலாவது, ஆணி, கண்ணாடித் துண்டு, கொதிக்கும் தரை போன்றவற்றால் ஒரே கணத்தில் ஏற்படும் காயம். இரண்டாவது, இறுக்கமான ஷூ போன்றது. சிறிய அழுத்தம்தான், ஆனால் மணிக்கணக்கில் விடாமல் இருப்பதால் இரத்தம் போகாமல் தோல் சாகிறது. மூன்றாவதுதான் நம்மை ஏமாற்றுவது. சாதாரணமாக நடப்பதுதான், ஆனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் விழுந்து, உள்ளே வீக்கம் கண்டு, கடைசியில் தோல் உடைகிறது. நமக்கு வலி இருப்பதால் நடையைச் சற்று மாற்றிக்கொள்கிறோம், ஷூவைத் தளர்த்துகிறோம். வலி இல்லாதவர் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பார்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. பாதத்தைக் காப்பதற்கு விலையுயர்ந்த பூச்சுகள் தேவையில்லை. அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகிய மூன்றும் அங்கே என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்.

உங்கள் கால்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அரை மணி

முதலில் உங்கள் கால்கள். ஒரு வாளியில் வெதுவெதுப்பான நீர் எடுத்துப் பத்து நிமிடம் பாதங்களை வைத்திருங்கள். தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது அது பொரித்த அப்பளத்தைப் போல் விறைப்பாக இருக்கும், வளைத்தால் உடையும். ஈரம் ஏறினால் நமுத்த அப்பளத்தைப் போல் வளைந்து கொடுக்கும். குதிகாலில் வரும் வெடிப்பைப் 'பித்த வெடிப்பு' என்கிறோம். பெயரில் பித்தம் இருந்தாலும் காரணம் பெரும்பாலும் வறட்சியும் அழுத்தமுமே. நடக்கும்போது குதிகால் பக்கவாட்டில் பிதுங்குகிறது. காய்ந்து தடித்த தோல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பிளக்கிறது. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது என்பதும் ஒரு காரணம்.

ஊறிய குதிகாலை நுரைக்கல்லால் மெல்லத் தேயுங்கள். எரிமலைக் குழம்பு வாயுக் குமிழிகளோடு உறைந்து உண்டாகும் கல் இது. நீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும்! துவைக்கிற கல்லில் குதிகாலைத் தேய்ப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். நோக்கம் ஒன்றுதான்; ஆனால் சொரசொரப்பு மிகுந்தால் நல்ல தோலும் போய்விடும். பிளேடு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிறகு துணியால் துடையுங்கள். விரல் இடுக்குகளை மறக்காதீர்கள். குறுகிய இடுக்கில் நீர் நுண்புழை ஏற்றத்தால் தங்கிவிடும். காற்று புகாததால் ஆவியாகாது. அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வளர்ந்து சேற்றுப்புண் உண்டாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் நீர் தேங்கும்போது, நனைந்த ஷூவோடு நாள் முழுதும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வையுங்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும். காலுறையைத் தினமும் துவையுங்கள்.

துடைத்தவுடன், தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, குதிகாலிலும் பாதத்திலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தோலை மென்மையாக்குவது பெரும்பாலும் நீர்தான். எண்ணெய் அந்த நீர் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. காய்ந்த காலில் எண்ணெய் தடவிவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்கள் இந்த வரிசையைத்தான் தவறவிடுகிறார்கள். விரல் இடுக்கில் எண்ணெய் வேண்டாம்.

நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களை ஆழமாகக் குடைந்து வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து வீங்கும். கடைசியாக, பாதத்தை ஒரு தாளில் வைத்துச் சுற்றி வரைந்து வெட்டியெடுங்கள். அந்தத் தாளை ஷூவுக்குள் நுழையுங்கள். ஓரம் மடங்கினால் ஷூ சிறியது. வளரும் வயதில் ஷூ சீக்கிரம் சிறுத்துவிடும். வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டுக் காலை மடக்கி நுழைத்துக்கொண்டு போகாதீர்கள்.

தாத்தா பாட்டியின் கால்களுக்கு

இங்கே கவனமாகப் படியுங்கள். உங்களுக்குச் சொன்ன முறையை அப்படியே சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்குச் செய்யக்கூடாது. வெந்நீரில் ஊறவைக்காதீர்கள், சூடு அவர்களுக்குத் தெரியாது. கழுவுவதற்கு எடுக்கும் நீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள். கல்லால் தேய்ப்பதும், கால் ஆணியைத் தோண்டுவதும், அதற்கென்று கடையில் விற்கும் பட்டையை ஒட்டுவதும் கூடாது. ஆணியை மருத்துவரே பார்க்கட்டும்.

நீங்கள் செய்யவேண்டியது பார்ப்பது. இரவு படுக்குமுன் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு, நக ஓரம் எல்லாவற்றையும் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, நிற மாற்றம், கசிவு இருக்கிறதா? புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள், இடுக்கைத் தவிர்த்து. காலையில் அவர்கள் செருப்பையும் ஷூவையும் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்துக் கொடுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். எவ்வளவு சிறிய புண்ணானாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு சிறிய சோதனையும் செய்யலாம். இது இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கியது. பெரியவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய ஆறு நுனிகளையும் உங்கள் ஆட்காட்டி விரலால் ஒரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரியும்போது எந்தக் கால் என்று சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கலாம். அது நோய்க்குத் தீர்ப்பல்ல. மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் மணி.

மருத்துவரிடம் நீங்களும் கூடப் போங்கள். உங்கள் பள்ளி ஆய்வகத்திலுள்ள இசைக்கவையை அங்கே காண்பீர்கள்! விநாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரல் எலும்பின்மேல் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். மெல்லிய நைலான் இழை ஒன்றையும் பாதத்தில் அழுத்துவார். சரியாக 10 கிராம் விசை வந்ததும் இழை வளைந்துவிடும். யார் அழுத்தினாலும் ஏறக்குறைய அதே அளவுதான். நீளமான மெல்லிய தூண் எந்த எடையில் வளையும் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை கணக்கிட்டார் அல்லவா? அந்தக் கணக்கு இன்று கால்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சில மறுப்புகள்

"இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்பார்கள். ஐந்து நிமிடம். மூன்று மாதம் ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்ற அலைந்த எனக்கு அதன் மதிப்பு தெரியும்.

"கால் பிடித்துவிடுவதும் எண்ணெய் தடவுவதும் பெண்பிள்ளை வேலை" என்பவர்களும் உண்டு. பையன்களுக்குக் கண்ணும் கையும் இல்லையா என்று கேளுங்கள்.

"வெறுங்காலோடு கோவிலுக்கு நடப்பது எங்கள் வழக்கம்" என்பார்கள். அந்த வழக்கத்தைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கில்லை. இப்போதும் என் தந்தையார் ஆடி மாதம் கருமாரியம்மனைத் தரிசிக்கப் போகிறார். விடியற்காலையில் புறப்படுகிறார், மெத்தென்ற செருப்பு அணிந்து போய், கோவில் வாசலில் கழற்றுகிறார், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறார். கரிய தார்ச் சாலை வெயிலை உறிஞ்சி எவ்வளவு சூடாகும் என்று அவருக்கு விளக்கியவள் என் மகள். நான் சொன்னபோது கேட்காதவர், பேத்தி சொன்னதும் கேட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய மறுப்பு பெரியவர்களிடமிருந்தே வரும். காலைக் காட்டக் கூச்சப்படுவார்கள். என் தந்தையாரும் முதல் நாள் காலை இழுத்துக்கொண்டார். "உனக்கேன்ம்மா இந்த வேலை, படிக்கிற பிள்ளை" என்றார். "இதுவும் படிப்புதான் தாத்தா. எனக்கு நோட்டுல எழுதணும்" என்றாள் அவள். ஒரு பழைய நோட்டில் இரண்டு பாதங்களின் படம் வரைந்து, தேதி போட்டு, எங்கே வெடிப்பு, எங்கே சிவப்பு என்று குறிக்கத் தொடங்கினாள். இரண்டு வாரத்தில் இரவு எட்டு மணி ஆனதும் அவரே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். அந்த நேரத்தில் அவர் சொல்லும் பழைய கதைகள் எனக்கும் புதியவை. போன ஆண்டு செருப்பு வார் அழுத்திய ஒரு சிவப்புத் தடத்தை அவள் பார்த்துச் சொன்னாள். செருப்பை மாற்றினோம். புண் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அது நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பள்ளிகளில் பல் துலக்கும் முறையைக் கற்றுத் தருகிறோம், கை கழுவும் முறையைக் கற்றுத் தருகிறோம். கால் பார்க்கும் முறையையும் கற்றுத் தரவேண்டும் என்பது என் வேண்டுகோள். பாடத்திட்டம் மாறும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

அடுத்த பொங்கலன்று தாத்தா பாட்டி காலில் விழுந்து வணங்குவீர்கள். வணங்கி எழுந்ததும் உடனே ஓடிவிடாதீர்கள். அப்படியே உட்கார்ந்து, "காலைக் கொஞ்சம் காட்டுங்க தாத்தா" என்று கேளுங்கள். ஆனால் அதுவரைகூட ஏன் பொறுத்திருக்க வேண்டும்? இன்று இரவே கேட்கலாமே!